விலை குறைந்தால் நேர்மையும் குறையலாமா?

ஒரு பொருளின் விலை குறையும்போது, அதைச் செய்பவரும் விற்பவரும் வாங்குபவரும் அதன்பால் காட்ட வேண்டிய நேர்மையும் குறையலாமா? எளிய வினாப்போல் தோன்றும் இதனை, நம் காலில் கிடக்கும் ஷூவின் லேஸைக் கொண்டு சற்றே சிந்திப்போம்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் திருமணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களை நாம் காண்கிறோம். ஒரு சேலைக்காக ஒரு பகல் முழுவதும் செலவிடுகிறார்கள். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைத்த கோர்வைதானா என்று புரட்டிப் பார்க்கிறார்கள். 2004இல் வந்த ‘சில்க் மார்க்’ முத்திரையும், 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இவர்களுக்குத் துணை நிற்கின்றன.

அதே திருமணத்தில் மணமகன் கோட்டு அணிந்து, பளபளக்கும் ஷூவுடன் பீடத்தின் முன் நிற்கிறார். அந்த ஷூவின் லேஸைச் சோதித்தவர் யார்? அது அறுந்தால் நல்லதொன்றைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று. இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தைக்கப்படும் ஷூக்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றன. ஆயினும் நம் கடைகளில் தொங்கும் லேஸ் பாக்கெட்டில் பெரும்பாலும் நிறம் ஒன்றுதான் தெரியும். நீளமும் இழையின் வகையும் தெரிவதில்லை.

நல்ல லேஸ் எது? மெல்லியதாய், உருண்டையாய், பருத்தி நூலால் நெருக்கமாகப் பின்னி, இலேசாக மெழுகேற்றியது முடிச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வலிமை மிக்கதெனினும் வழவழப்பால் நழுவும். ஐந்து ஜோடித் துளைகள் உள்ள ஷூவுக்கு ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். வளைத்துப் பார்த்தால் பின்னலின் இடையே உள்நூல் பல்லிளிக்கக் கூடாது. நுனியிலுள்ள பிளாஸ்டிக் குப்பி கழலக் கூடாது. கழன்றால் நூல் பிரிந்து துளைக்குள் நுழைய மறுக்கும்.

கம்பத்தில் கட்டிய கயிறுகளைப் பிடித்து, பாதிப்பேர் வலமும் பாதிப்பேர் இடமுமாய் உள்ளும் புறமும் புகுந்து ஆடும் பின்னல் கோலாட்டத்தை நாம் அறிவோம். லேஸ் பின்னும் இயந்திரத்தில் நூற்கண்டுகள் சுழல்வதும் அவ்வாறே. ஆட்டத்தில் ஒருவர் பிழைத்தால் காண்போர் அனைவருக்கும் தெரிந்துவிடும். லேஸில் நூலின் தரத்தைக் குறைத்தாலோ விற்கும் வேளையில் எவருக்கும் தெரியாது. ஆகவே இங்கே காவலாக நிற்பது செய்பவரின் மனச்சான்று ஒன்றே.

‘அற்ப லேஸுக்கு அறமும் ஆராய்ச்சியும் எதற்கு? மனிதனின் நேரம் குறைவு. எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நம்மால் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது என்பதனாலேயே பிறருடைய நேர்மையை நம்பி நாம் வாழ்கிறோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று. காலடி தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது. வீசியாடும் நுனிகள் அதை இழுக்கின்றன. தளரத் தொடங்கிய முடிச்சு சில நொடிகளில் அவிழ்ந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் ஒரு முதியவர் படியிறங்கிக்கொண்டிருந்தால்? இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவருக்கு லேஸின் விலை சில ரூபாய்தான் என்பது ஆறுதலாகுமா? பொருளின் மதிப்பை அதன் விலை மட்டும் சொல்லிவிடாது. அதை நம்பி நிற்பவர் யார் என்பதும் சொல்லும்.

தொடக்க நூலின் 14ஆம் அதிகாரத்தில், சோதோம் அரசன் தரமுன்வந்த செல்வத்தை ஆபிராம் மறுக்கிறார். ஒரு நூலையோ காலணி வாரையோகூடத் தொடமாட்டேன் என்பது அவர் எடுத்த உறுதி. பொன்னை மறுப்பவர் வாரை ஏன் குறிப்பிட வேண்டும்? நேர்மைக்கு இதற்குக் கீழே விலக்கு உண்டு என்று ஓர் எல்லைக்கோடு போட அவருக்கு மனமில்லை. ஆர்மீனியாவின் அரேனி குகையில் 2008இல் கிடைத்த தோல் காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் பழையது. கோத்த தோல்கயிறும் அதனோடு இருந்தது. அதைச் செய்த கைகளுக்குப் பெயரில்லை, முத்திரையுமில்லை.

வாங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. மிக மலிவானதையே நாம் கேட்டால், மிக மட்டமானதையே கடைக்காரர் வாங்கி வைப்பார். நல்ல லேஸ் வேண்டும் என்று கேட்போம். இழையையும் நீளத்தையும் விசாரிப்போம். அதற்காகச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதிருப்போம். லேஸ் அறுந்ததற்காக நல்ல ஷூவை மூலையில் எறியாமல், தெருவோரம் காலணி தைக்கும் தொழிலாளியிடம் கொண்டு செல்வோம். பட்டுக்கடையில் பல்லாயிரம் கொடுத்துவிட்டு வரும் நாம், அவரிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதிருப்போமாக.