விளக்கு தேவைப்படாத காமிரா

காமிரா பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் விலைப்பட்டியலாகவோ தொழில்நுட்பக் குறிப்பாகவோ முடிந்துவிடுகிறது. எத்தனை கே, எத்தனை ஸ்டாப், எந்த லென்ஸ் என்று பேசி ஓய்ந்ததும் தேர்வு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கச் சம்மதிக்கிறோம், அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தொழில்நுட்பக்காரர்களுக்கு அது கலையின் பாடு. கலைஞர்களுக்கு அது தொழில்நுட்பத்தின் பாடு. இரண்டுக்கும் நடுவே கேள்வி அனாதையாகக் கிடக்கிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடையில், கைப்பணத்திலும் நண்பர்கள் தரும் பணத்திலும் சில ஆண்டுகளாகச் சிறு படங்கள் எடுத்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு அதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. ஜெனரேட்டர் வைக்க வசதியில்லாதவன் ஒவ்வொரு விளக்கையும் யோசித்துத்தான் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஃபிலிம் இருந்த காலத்தில் வெளிச்சம் ஒரு நிர்ப்பந்தம். படச்சுருள் மந்தமானது, விளக்கைக் கொட்டாமல் உள்ளரங்கத்தில் ஒன்றும் பதியாது. அந்த நிர்ப்பந்தத்துக்குள் நின்றுகொண்டே சிலர் சுதந்திரமாக யோசித்தார்கள். 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ'வுக்காக, காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டபோது, சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பினார். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் அப்படித்தான் கிடைத்தது. தமிழில் பாலு மகேந்திரா ஜன்னல் வெளிச்சத்தை நம்பினார். கறுத்த முகங்களைக் கறுத்த முகங்களாகவே அழகாகக் காட்டினார். இவர்கள் விதிவிலக்குகள். மற்றவர்களுக்கு நிர்ப்பந்தமே சாக்காகிவிட்டது. நாயகியின் முகத்தில் நேராக விளக்கை அடித்து, பவுடர் பூசி, அவளை மாநிறத்திலிருந்து வெண்மைக்கு ஏற்றிவிட்டு, "ஃபிலிம் கேட்கிறது" என்றார்கள். ஃபிலிம் கேட்டதா, சந்தை கேட்டதா, நம் மனத்தின் ஏதோ ஓர் இருண்ட மூலை கேட்டதா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. கறுத்த நாயகன் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் கறுத்த நாயகி ஒப்புக்கொள்ளப்படவில்லை என்பதிலிருந்தே கேட்டது யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது அந்தச் சாக்கு போய்விட்டது. 2004இல் பி.சி. ஸ்ரீராம் 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார். 2012இல் 'வழக்கு எண் 18/9' ஸ்டில் காமிரா ஒன்றில், கேனன் 7டி-யில், எடுக்கப்பட்டது. 2010இல் வந்த ஆரி அலெக்ஸாவின் ஒளியுணர்வு 800. அதன் வீச்சு 14 ஸ்டாப், அதாவது மிக இருண்டதற்கும் மிக வெளிச்சமானதற்கும் இடையே 1-க்கு 16,000 என்ற விகிதம். என்னைப் போன்றவர்கள் வாடகைக்கு எடுக்கிற சிறிய காமிராக்களில் ஒன்றான சோனி எஃப்எக்ஸ்3 2021இல் வந்தது. அதில் 800 தவிர 12,800 என்று இன்னோர் அடிப்படை நிலை இருக்கிறது. முதலாவதைவிட 16 மடங்கு கூர்மை. கடற்கரையின் உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். முழுநிலா கால் லக்ஸைத் தாண்டாது. பெரிய லென்ஸை முழுக்கத் திறந்து 12,800இல் வைத்தால் நிலா வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் குறைவாகத்தான் விழும். இரவு இரவாகவே இருக்கும். ஆனால் முகம் யாருடையது என்று தெரியும்.

கருவிக்கு வெளிச்சம் தேவைப்படாமல் போன இந்த நிலையில், வைக்கிற விளக்குக்கும் வைக்காத விளக்குக்கும் நாமே காரணம் சொல்லியாக வேண்டும். சௌகரியம் கூடியதாக நினைக்கிறோம். உண்மையில் கூடியது பொறுப்பு.

முதலில் பகலை எடுத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் கடல் கிழக்கே. இரவில் போன படகுகள் காலையில் திரும்பும்போது சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கிற மனிதர் கரையைப் பார்த்து நிற்கிறார். அவருக்குப் பின்னே நுரை கண்ணைப் பறிக்கிறது, முகம் தன் நிழலிலேயே கிடக்கிறது. தொழில் நடக்கிற நேரம் முழுக்க எதிர்வெளிச்சம்தான். மாலையில் வெயில் மேற்கிலிருந்து முகத்தில் விழும். அப்போது படகுகள் சும்மா கிடக்கும். 14 ஸ்டாப் கையில் இருந்தும் முகம், நுரை இரண்டில் எதை முதன்மையாக வைப்பது என்று தீர்மானிக்காமல் தப்ப முடியாது. நுரையைக் காப்பாற்றினால் முகம் கரிக்கட்டையாகும். முகத்தைக் காப்பாற்றினால் கடல் வெளுத்துப்போகும். ரிஃப்ளெக்டர் பிடிக்கலாம்தான். வெயிலைத் திருப்பி ஒருவரின் கண்ணில் அடித்துக்கொண்டே "இயல்பாக வேலை செய்யுங்கள்" என்று சொல்வதிலுள்ள அபத்தம் அதைப் பிடிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் கருவி நடுநிலையோடு நிற்பதில்லை. ஒளிமானி உலகம் சராசரியாக 18 சதவீத வெளிச்சத்தைத் திருப்பித் தருவதாக எண்ணுகிறது. வெள்ளைக்காரத் தோல் அதற்கு ஏறத்தாழ ஒரு ஸ்டாப் மேலே. நம் கரையின் தோல் ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ கீழே. பல காமிராக்களில் ஜீப்ரா என்ற கோடுகள் 70 சதவீதத்தில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். வெளுத்த தோலின் பளிச்சிடும் பகுதி சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பழக்கத்தில் வந்த அளவு அது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேபாரட்டரிகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அந்த அட்டைகளுக்கு ஷெர்லி என்றே பெயர். அட்டை போய்விட்டது, 70 நிற்கிறது. மலிவான எல்இடி விளக்குகளிலும் இதே கதை. அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ 95 என்று போட்டிருக்கும். அந்தச் சராசரி எட்டு வெளிர்நிற மாதிரிகளின் கணக்கு. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி, கணக்கில் சேராது. கறுத்த தோலுக்கு அடியில் ஓடுகிற செம்மைதான் அதற்கு உயிர். அதைத் தராத விளக்கின் கீழே நம் மனிதர்கள் சாம்பல் பூத்துத் தெரிகிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் அவர்களை "சரி" செய்கிறோம்.

கறுத்த முகத்துக்கு அதிக வெளிச்சம் வேண்டும் என்பது தவறான எண்ணம். பெரிய, மெல்லிய பரப்பு வேண்டும். தோல் அந்தப் பரப்பைத் தன்மேல் பிரதிபலிக்கும். வியர்வையும் தேங்காயெண்ணெயும் அதற்குத் துணை. பவுடர் போட்டு அந்த மினுமினுப்பைக் கொன்றுவிட்டு, போன உயிருக்கு ஈடாக வாட்டுகளைக் கூட்டுவதுதான் நம் சினிமா பழகிய வழி. என் கரைக்காட்சிகளில் நான் முகத்துக்கே அளவு வைக்கிறேன். ஒரு படகின் ஓரத்தில் வெள்ளைத் துணி கட்டினால் போதுமானதாக இருக்கிறது. கடல் வெளுத்துப்போகிறது. போகட்டும். நீலக்கடல் சுற்றுலாக் காலண்டர்களில் வேண்டிய அளவு பத்திரமாக இருக்கிறது. அந்த மனிதரின் முகம் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை.

வெளிச்சத்தை மாற்றாமல் வேறு எதையாவது மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு இதே ஊரில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் நேராக விழுகிறது. ஏற ஏறச் சாய்ந்து விளிம்புகளைத் தேடுகிறது. பிற்பகலில் பாறை தன் நிழலுக்குள் போய்விடுகிறது. சூரியனை நகர்த்த முடியாத பல்லவச் சிற்பி செதுக்கும் ஆழத்தை நகர்த்தினான். யானைகள் பாறையிலிருந்து பிதுங்கி நிற்கின்றன, மேலே பறக்கிறவர்கள் மெல்லப் படிந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளியுள்ள கோவர்த்தனச் சிற்பமும் முதலில் திறந்தவெளியில்தான் இருந்தது. விஜயநகர காலத்தில் அதன் முன்னே மண்டபம் எழுப்பினார்கள். சிற்பத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வழிபாட்டுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பால் கறக்கிறவனும், கன்றை நக்குகிற பசுவும் நிரந்தரமாக நிழலுக்குள் போனார்கள். அந்த நிழலில் எனக்கு அவர்கள் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறார்கள் என்பது வேறு விஷயம். நல்ல நோக்கத்தோடு வெளிச்சத்தை மாற்றினாலும் பார்க்கப்படுகிறவரை மாற்றிவிடுகிறோம் என்பதைக் கல்லிலேயே பார்க்கலாம்.

கல்லிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. மனிதர்களிடம் கேட்க வேண்டும். இரவுக்கு வரும்போது பிரச்னை இங்கேதான் கூர்மையாகிறது.

மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கம்பு நட்டுப் புடவைகளால் கூடாரம் கட்டி, பௌர்ணமி இரவை மணலில் கழிக்கிறார்கள். விடியலில் மணலால் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அங்கேயே. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்கள் இவர்களில் உண்டு; பக்கத்திலேயே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறவர்களும் உண்டு. இருளர் என்ற பெயரை இருளோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். அந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஒரு கவித்துவ வசதியாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. போலீஸ் டார்ச்சும் முதலாளியின் டார்ச்சும் முகத்தில் அடித்த அனுபவம் உள்ளவர்களிடம் இருட்டைப் பற்றிக் கவிதை பேசுவது அநாகரிகம்.

விளக்கே இல்லாமல் அந்த இரவை எடுக்கலாம் என்பதுதான் அந்தக் காமிராவை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். யார் தூக்கத்தையும் கெடுக்காமல், நிலா எவ்வளவு தருகிறதோ அவ்வளவில். ஒரு வருடம், முந்தின பகலில், ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து இதை விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரனை மடியில் வைத்திருந்த ஒரு ஆயா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெளக்கே இல்லாம எடுப்பேன்னு சொல்றியே நைனா, நீ எப்ப எடுக்கற, எப்ப எடுக்கலன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சினிமாத் தத்துவ நூல்கள் பலவற்றில் இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. விளக்கை நாம் எப்போதும் பார்ப்பதற்கான சாதனமாகவே எண்ணிவந்திருக்கிறோம். அது பார்க்கப்படுகிறவருக்கு ஓர் அறிவிப்பாகவும் இருந்திருக்கிறது. விளக்கு எரிந்தால் காமிரா ஓடுகிறது. ஒருவர் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எழுந்து போய்விடலாம். படச்சுருளின் மந்தத்தால் தற்செயலாகக் கிடைத்துவந்த மரியாதை அது. மந்தம் தீர்ந்ததும் மரியாதையும் கூடவே போய்விட்டது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காமிரா இருப்பது தெரிந்தால் மனிதன் நடிக்கத் தொடங்குகிறான், தெரியாதபோதுதான் உண்மை, டாக்குமெண்டரியின் கௌரவம் அந்த உண்மையில் இருக்கிறது. இதில் எனக்குச் சபலம் இல்லாமலில்லை. நிலவொளியில் தன்னை மறந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்துக்கு ஈடாக எதையும் என்னால் செட் போட முடியாது. ஆனால் தன்னை மறந்த முகம் யாருக்குச் சொந்தம்? அதை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு உண்மை என்று பெயர் வைப்பது, எடுத்தவனுக்கு மட்டும் சாதகமான இலக்கணம். பார்க்கப்படுவதை அறிந்து, சம்மதித்து, கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய், மறுபடியும் கடலைப் பார்க்கத் திரும்புகிற முகமும் உண்மைதான். அதற்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை மிச்சப்படுத்தத்தான் 12,800 ஆசை காட்டுகிறது.

அப்படியானால் பழையபடி விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போவதா? அதுவும் குற்றமற்றது அல்ல. மாசி மகம் வருகிற பருவத்தில்தான் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. பிறகு பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானமே கடல் என்று நம்பி நடப்பவை. சாலையோர விளக்கும் விடுதி விளக்கும் அவற்றை எதிர்த்திசையில் இழுத்துக் கொல்கின்றன. வெளிச்சம் எப்போதும் நன்மை, இருள் எப்போதும் அறியாமை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இந்த மணலில் நின்று சொல்ல முடியாது.

ஆயாவின் கேள்விக்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. காமிராவின் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டி, ஒரு சிறிய மங்கலான விளக்கு. அதன் வெளிச்சம் என்மேலும் காமிராவின்மேலும் மட்டும் விழும், எடுக்கப்படுகிறவர்மேல் விழாது. காட்சிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது எரிந்தால் எடுக்கிறேன், அணைந்தால் எடுக்கவில்லை. யார் அணைக்கச் சொன்னாலும் அணைக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதனால் சில ஷாட்டுகள் போயின, அவற்றில் நல்லவையும் இருந்திருக்கும். நான் தேர்ந்தெடுத்த இழப்பு என்பதால் அது என் தலையில் விழுவதுதான் நியாயம்.

இந்த ஏற்பாட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. தூங்குகிற குழந்தை விளக்கைப் பார்க்காது. ஊருக்குத் திரும்பி எடிட்டிங் மேஜையில் உட்காரும்போது எனக்கெதிரே அந்த விளக்கு இருக்காது. எந்த முகத்தை எவ்வளவு நேரம் வைப்பது என்பதை அங்கே நான் தனியாகத்தான் முடிவு செய்கிறேன். "விளக்கு வெச்சிருக்கியா நைனா?" என்று ஆயா கேட்டால் அந்த மேஜையிலும் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் இப்போது எனக்கு முன்னே இருக்கும் பிரச்னை. அதற்கு எந்தக் கம்பெனியும் புதிய மாடல் கொண்டுவரப் போவதில்லை.