நிலச்சம்பங்கி பூசைக்கு ஆகுமா?

நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. ஸ்பானியர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே அசுடெக் மக்கள் அதை வளர்த்து வந்தார்கள். ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்த இந்தக் கிழங்குச் செடி, இன்று நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் வயல் வயலாகப் பயிராகிறது. தோவாளைச் சந்தையில் குவிந்து, கோயில் மாலைகளில் சேர்கிறது. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடிய காலத்தில் இந்தப் பூ இந்த மண்ணில் இல்லை. பழைய நூல்கள் பெயர் சொல்லாத ஒரு பூவை இறைவனுக்குச் சாத்தலாமா என்ற ஐயம் இதனால் எழுகிறது.

பூசைக்குரிய பூக்களைப் பற்றிச் சைவத்தில் தனி நூலே உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி அது. புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் எட்டும் சிவபூசைக்குச் சிறந்தவை என்பது சைவ வழக்கு. சிவனுக்குத் தாழம்பூவும் விநாயகருக்குத் துளசியும் ஆகா என்பன போன்ற விலக்குகளும் உள்ளன. ஆனால் இனம் குறித்த விலக்குகள் சிலவே. வாடியது, பழையது, புழு அரித்தது, முகர்ந்தது, மலராத மொட்டு ஆகியவற்றை ஒதுக்கும் விதிகள் எந்தப் பூவுக்கும் பொதுவானவை. தன் நந்தவனத்துப் பூ முதன்மையானது, விலைக்கு வாங்கியது அதற்கு அடுத்ததே என்பதும் அவ்வாறே. பூ எங்கே பிறந்தது என்பதை விட, எந்த நிலையில், யார் கையால், எப்படி வந்தது என்பதையே மரபு அதிகம் கேட்கிறது.

நடைமுறையும் அப்படியே. சிவாலயங்களில் போற்றப்படும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மாலைகளில் நிறையும் செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியைப் போல மெக்சிகோவின் பூதான். பக்தர்கள் கைக்கு எட்டியதைக் கொடுத்தார்கள்; கோயில் ஏற்றுக்கொண்டது.

நிலச்சம்பங்கியில் உண்மையாகவே சிக்கலான கேள்வி முகர்தலைப் பற்றியது. திருவாரூரில் பூமண்டபத்தருகே கிடந்த பூவை எடுத்து முகர்ந்த அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார். பூவை எடுத்த கையை அவள் கணவரான கழற்சிங்க நாயனாரே வெட்டினார் என்கிறது பெரியபுராணம். ஆண்டாளோ தான் சூடிய மாலையைத் திருமாலுக்குக் கொடுத்தாள். இறைவன் அதையே விரும்பினான் என்கிறது வைணவம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: இறைவனுக்கு உரியதைத் தனக்கென எடுப்பது குற்றம், தன்னையே இறைவனுக்கு உரியவளாக்கிக்கொண்டவள் சூடியது குற்றமாகவில்லை.

நிலச்சம்பங்கி அந்தி சாய்ந்ததும் மணக்கத் தொடங்கும். வெண்மை நிறம், நீண்ட குழல், இரவில் பெருகும் மணம் ஆகிய மூன்றும் அந்துப்பூச்சிகளை அழைக்க அமைந்தவை. காற்றில் தானே வரும் மணத்தை வளர்ப்பவர் நுகராமல் இருக்க முடியாது. அது யாரும் கவர்ந்துகொண்டதல்ல. எனவே பூவுக்குத் தோஷமும் இல்லை.

வளர்க்கும் முறை எளியது. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஆனி, ஆடியில் நடலாம். ஓரடி அகலத் தொட்டியில் மூன்று கிழங்குகள் போதும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து, கிழங்கின் நுனி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி ஊன்ற வேண்டும். நல்ல வெயில் தேவை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மூன்று, நான்கு மாதங்களில் பூந்தண்டு எழும். உதகை போல உறைபனி விழும் இடங்களில், குளிருக்கு முன் கிழங்கைத் தோண்டி உலர்த்தி உள்ளே எடுத்து வைக்க வேண்டும். ஓரடுக்குப் பூவுக்கு மணம் அதிகம். பூசைக்கு அதுவே ஏற்றது.

சந்தைக்குப் பறிப்பவர்கள் பெரும்பாலும் மலரும் தறுவாயிலுள்ள அரும்பையே கிள்ளுவார்கள். தொடுத்தபின் அது விரியும். வீட்டில் அந்த அவசரம் இல்லை. தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மாலையும் சில விரியும். விரிந்தவற்றை மட்டும் விடியலில் பறித்தால் மொட்டு விலக்கும் மீறப்படாது.

பறிப்பது உயிருக்கு ஊறு அல்லவா என்ற கேள்வியும் உண்டு. சைவம் அகப்பூசைக்குச் சொல்லும் எட்டு மலர்களில் கொல்லாமையே முதலாவது. பொறுமையும் அன்பும் அவற்றுள் அடக்கம். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது; ஆனால் அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் விளைந்து அடுத்த தண்டைத் தருகின்றன. விரிந்த பூவைப் பறிப்பதால் செடி சாவதில்லை. கிழங்கைக் காப்பதும் பக்கக் கிழங்கைப் பிரித்து நடுவதும் வளர்ப்பவர் கடமை. அதைச் செய்கிறவரிடம் கொல்லாமை குறைபடுவதில்லை.

ஆகவே நிலச்சம்பங்கி பூசைக்கு ஆகும். கடல் கடந்து வந்தது என்பதற்காக அதைத் தள்ள வேண்டியதில்லை. வாடியதையும் முகர்ந்ததையும் தள்ளினால் போதும். இடம் உள்ளவர்கள் இந்த ஆடியில் ஒரு தொட்டியில் மூன்று கிழங்கு ஊன்றட்டும். தன் கையால் வளர்த்த பூவுக்கே மரபு முதலிடம் தருகிறது.