ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பில் விட்டுப்போன பக்கம்

 

இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். மரித்துப்போன ஒருவரை நினைவுகூரும்போது நல்லதை மட்டும்தான் பேச வேண்டுமா? "செத்தவங்களைப் பத்திக் குறை பேசக்கூடாது" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் ஆச்சியை அடக்கம்பண்ணின நாளில் கர்த்தர் எனக்கு வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தார்.

என் தகப்பனாரின் தாயார் 2022-ம் ஆண்டு தங்களுடைய 91-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊர் திருச்செந்தூர் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஓரம். தாத்தா பனையேறி. சீசன் வந்துவிட்டால் தாத்தா விடியுமுன்னே மரம் ஏறிப் பதநீர் இறக்குவார். ஆச்சி அதைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்பார்கள். அந்தப் புகையிலும் வேக்காட்டிலும்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்கள். சீசனின் முதல் கருப்பட்டி வீட்டுக்குக் கிடையாது, அது கர்த்தருக்கு. நான் வேதாகமக் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று சுருக்குப் பையை அவிழ்த்து, கசங்கின நோட்டுகளாக 200 ரூபாய் எடுத்து என் கையில் திணித்தது ஆச்சிதான். பவுல், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைப் பேர் சொல்லி நினைக்கிறாரே (2 தீமோ. 1:5), அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் முகம்தான் ஞாபகம் வரும்.

தினமும் காலை 4 மணிக்கு முழங்கால்போட்டு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் நான் என் பேர் எப்போ வரும் என்று காத்திருப்பேன். ஆனால் 1988-க்குப் பிறகு அந்த ஜெபத்தில் ஒரு பேர் மட்டும் வரவில்லை. எட்டு வயசுப் பையன் எனக்கே அது தெரிந்தது. அது என் அத்தையின் பேர்.

அந்த வருஷம் அத்தை வேறு ஜாதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். மாப்பிள்ளை இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிதான். சபையில் வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. ஆனாலும் ஆச்சி போகவில்லை. தலைப்பிரசவத்துக்கும் மகளை வீட்டுக்கு அழைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் மகளின் வாசற்படியை மிதிக்கவில்லை.

அடக்க ஆராதனையில் வாசிக்க ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பாஸ்டர் ஆச்சே! ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "யாரிடமும் வேற்றுமை பாராட்டாதவர்கள், எல்லாரையும் சமமாக நேசித்தவர்கள்" என்று வாசித்தபோது ஜனங்கள் "ஆமென்" என்றார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் அத்தை என்னிடம் வந்தார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க ஐயா. ஆனா எங்கம்மா என் வாசல்ல வந்து நின்னாளே, அது அதுல இல்லையே?"

நான் தடுமாறிவிட்டேன். "அத்தை, ஆச்சி செஞ்ச தப்பை எப்படி நாலு பேர் முன்னால வாசிக்கிறது?"

"தப்பை யாரு வாசிக்கச் சொன்னா? அவ வந்ததை வாசிக்கலாம்லா?" என்றவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு அவர்களே சொன்னார்கள்: "தப்பைச் சொல்லாம, வந்ததை எப்படிச் சொல்லுவ? அதும் சரிதான்."

அன்றைக்கு அத்தை சொல்லித்தான் முழு விவரமும் எனக்குத் தெரியும். 2000-ம் ஆண்டு, 69 வயதில், யாரிடமும் சொல்லாமல் ஆச்சி தனியாக பஸ் ஏறி மதுரைக்குப் போயிருக்கிறார்கள். கையில் ஒரு பை கருப்பட்டி. விலாசம் எழுதின துண்டுத்தாளைக் காட்டிக் காட்டி வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கதவைத் திறந்தது அத்தை இல்லை, அத்தையின் மாமியார். ஆச்சிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்று கேட்டார்களாம். அந்த அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை வாசலில் நின்றபடியே முழுவதும் குடித்தார்களாம். அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்து, "நான் பாவம் பண்ணிட்டேன் புள்ள" என்று அழுதிருக்கிறார்கள்.

அந்த ஜாதி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் ஆச்சி. யூதர்கள் சம்பந்தம் வைத்துக்கொள்ளாத சமாரியாவிலே, கிணற்றண்டை ஒரு ஸ்திரீயிடம் தண்ணீர் கேட்டாரே நம் ஆண்டவர் (யோவான் 4)! ஆச்சி அந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருப்பார்களோ! ஆனால் அதற்குக் கீழ்ப்படிந்தது அந்த வாசலில்தான். 91 வருஷ ஜீவியத்தில் அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்று இன்று நான் நம்புகிறேன். அதைத்தான் நான் எழுதாமல் விட்டுவிட்டேன்! பாவத்தை மறைக்கப்போய், கிருபையையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

பிரியமானவர்களே, உங்களில் சிலர் கேட்கலாம்: "பாஸ்டர், அன்பு திரளான பாவங்களை மூடும் என்று வேதம் சொல்லுகிறதே? நோவாவின் நிர்வாணத்தை சேமும் யாப்பேத்தும் மூடினதுதானே நல்லது?" நியாயமான கேள்விதான். நானும் இதை வைத்துப் பல நாள் ஜெபித்தேன். காம் தன் தகப்பனுடைய நிலையை வெளியே போய்ச் சொன்னதில் தகப்பனுக்கோ மற்றவருக்கோ ஒரு நன்மையும் இல்லை. அப்படிப்பட்ட பேச்சு புறங்கூறுதல். ஆனால் என் அத்தை காம் அல்ல. காயம்பட்டது அவர்கள். மன்னித்ததும் அவர்கள். "எல்லாரையும் சமமாக நேசித்தவர்கள்" என்று நான் வாசித்தபோது, "உன் பன்னிரண்டு வருஷக் கண்ணீர் நடக்கவே இல்லை" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அது மூடுகிற அன்பா, பொய்ச்சாட்சியா?

பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதியிருக்கின்றன. அதை மறைத்திருந்தால், கடற்கரையில் இயேசு அவனிடம் மூன்று தரம் "நேசிக்கிறாயா" என்று ஏன் கேட்டார் என்பது நமக்குப் புரியுமா? விழுந்ததைச் சொல்லாமல் தூக்கியெடுத்ததைச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் என் மனதைக் குத்தியது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், பெற்ற பிள்ளையோடு பேசாத ஒரு தகப்பனோ தாயோ உட்கார்ந்திருக்கலாம். "குற்றமே இல்லாத ஆச்சி" என்று கேட்டு அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? "69 வயதில் பஸ் ஏறின ஆச்சி" என்று கேட்டிருந்தால், அவர்களும் ஒருவேளை பஸ் ஏறியிருப்பார்கள்.

2023-ல் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில், அத்தையின் சம்மதத்தோடு இதைச் சாட்சியாகச் சொன்னேன். அத்தை முன் வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். பெரியப்பாவுக்குக் கடுங்கோபம். "குடும்ப மானத்தைச் சந்தியில வச்சிட்டியே" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். சில மாதம் என்னோடு பேசவில்லை. அவர் வேதனையும் எனக்குப் புரிகிறது. அவருக்கும் அது தாய்தானே.

ஆகவே எல்லாக் குறையையும் மேடையில் சொல்லுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. காயம்பட்டவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மனந்திரும்பாமலே போனவர்களைக்குறித்து மௌனமாயிருக்கலாம். ஆனால் மௌனமாயிருப்பது வேறு, இல்லாததைச் சொல்லுவது வேறு. பரிசுத்தவான்களை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. அதை இயேசுவின் இரத்தம் செய்கிறது.

இதை வாசிக்கிற உங்கள் ஜெபத்தில் விடுபட்டுப்போன பேர் உண்டா? உங்கள் வாழ்க்கைக் குறிப்பை யாரோ ஒருநாள் எழுதுவார்கள். அவர்கள் மறைக்க வேண்டிய பக்கத்தோடு அதை விட்டுப்போகாதீர்கள். ஆச்சி போன பஸ் இன்றும் ஓடுகிறது.

கர்த்தர்தாமே நம்மை உண்மையுள்ளவர்களாகக் காப்பாராக. ஆமென்!