ஏரிக்கரையில் எழுந்த ஐயம்

தானம் செய்பவனுடைய உள்ளம் தூயதாக இருந்தால் போதுமா? அன்றி, அத்தானம் சென்று சேருமிடத்தில் என்ன விளைகிறது என்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டுமா? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டோம் அல்லோம். மலைமேல் உள்ள ஒரு சிறிய ஏரியைக் கண்டு களித்து மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று சென்ற இடத்தில், அது நம்மை வந்து பற்றிக்கொண்டது.

வடநாட்டு யாத்திரை சென்ற நம் அன்பர் குழு, இமாசலப் பிரதேசத்து மண்டி நகரில் இரண்டு நாள் தங்கியது. அங்கிருந்து ரேவால்சர் ஏரி ஏறக்குறைய 15 மைல். பியாஸ் நதியின் பள்ளத்தாக்கை விட்டுப் பஸ் வளைந்து வளைந்து மேலேறுகிறது. கடல் மட்டத்துக்கு 4,400 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், குன்றுகள் சூழ, அகன்ற கிண்ணத்தில் வார்த்த நீர்போல் கிடக்கிறது அவ்வேரி. பெரிய ஏரி அன்று. விரைந்து நடப்போர் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். நாணல் அடர்ந்த மிதக்கும் திட்டுகள் அதில் உண்டு. திபெத்தியர் இதனைத் தாமரை ஏரி என்று வழங்குவர். பத்மசம்பவரைத் தீயிலிட்டான் ஓர் அரசன் என்றும், அத்தீயே நீராகி அதில் அவர் தாமரைமேல் வீற்றிருந்தார் என்றும் அவர்கள் கூறுவர். கதையைக் கதையாகவே கொள்வோம். கரையோரக் குன்றில் 123 அடி உயரமுள்ள அப்பெரியாருடைய சிலை 2012-ஆம் ஆண்டில் தலாய் லாமாவால் திறந்து வைக்கப்பட்டது. லோமச முனிவரை வணங்கும் இந்துக்களும், குரு கோவிந்த சிங் வந்து சென்ற இடமென்று போற்றும் சீக்கியரும் இதே கரைக்கு வருகின்றனர். மூன்று சமயத்தார்க்கும் ஒரு நீர் பொதுவாயிருப்பது, குளத்துப் படியிலே வழிமறிக்கப்பட்டோரின் வழிவந்த நமக்குச் சிறிய காட்சியன்று. நெடுநேரம் நின்று பார்த்தோம்.

இவ்வாறு அழகில் மகிழ்வது பற்று ஆகாதோ என்று குழுவில் ஒருவர் கேட்டார். மகாகாசியப தேரர் போன்ற பெரியோரே மலைகளையும் தெளிந்த நீரையும் கண்டு உவந்து பாடியவை தேரகாதையில் இருக்கின்றன. ஆகவே அதைப்பற்றி நாம் பெரிதும் கவலையுறவில்லை. நம்மைக் கவலையுறச் செய்தவை மீன்களே.

கரையில் நாம் போய் நின்ற மாத்திரத்தில் நூற்றுக்கணக்கான மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடி, நீருக்கு மேல் தலைநீட்டின. அருகே நின்றோர் பொரியும் மாவும் அள்ளி அள்ளி வீசினர். அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பொய்யன்று. நம் குழுவில் இருந்த முதிய அம்மையார் ஒருவரும் முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துப் பொரிப் பொட்டலம் ஒன்று வாங்கினார்.

2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதே ஏரியில் மீன்கள் ஏராளமாக மடிந்து மிதந்தன என்பதை நம்முள் ஒருவர் அறிந்திருந்தார். சுற்றுமலைகளிலிருந்து மண் வந்து சேர்ந்து தூர்ந்துவரும் சிறிய ஏரி இது; குடியிருப்புகளின் கழிவுநீருக்கும் வேறு போக்கிடம் எளிதில் இல்லை. இத்தகைய நீரில் மீன் தின்றது போக எஞ்சிய இரை அடியில் தங்கி அழுகும். அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை அது உண்டுவிடும். வாயு குறைந்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அஃதாவது, பசித்த மீனும் மூச்சுத் திணறும் மீனும் கரையில் நிற்பவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். திணறலை இரத்தல் என்று கருதி இன்னும் ஒரு பிடி வீசினால், அது எத்தகைய தானம்?

இதைச் சொன்னபோது அம்மையார் நம்மை நோக்கி, "தம்பி, கொடுக்கிற மனசுதானே கணக்கு? பகவானே அப்படித்தானே சொன்னார்?" என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. சேதனையே, அஃதாவது எண்ணமே, கம்மம் என்பது பகவான் புத்தரின் வாக்கு. அறியாமல் மிதித்த எறும்புக்காக ஒருவன் கொலைஞன் ஆகான். ஆனால் அதே பகவான் தம் மைந்தன் ராகுலனுக்கு அம்பலட்டிகையில் உரைத்ததையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். அசோக மன்னர் பாப்ருக் கல்வெட்டிலே, பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டுமென்று ஏழு உபதேசங்களைக் குறித்தார். ராகுலனுக்கு உரைத்த உபதேசம் அவற்றுள் ஒன்று. ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ தீங்கு பயக்குமா என்று கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார் பகவான். எண்ணம் ஒன்றே போதுமெனில், செய்த பின் பார் என்று சொல்ல வேண்டிய தேவை என்ன? நேற்றுவரை அறியாது வீசியவனுடைய எண்ணமும், அறிந்த பின் இன்று வீசுபவனுடைய எண்ணமும் ஒன்றல்ல. கை ஒன்றே; உள்ளம் வேறாகிவிட்டது.

அபிதம்மத்தார் நல்ல சித்தங்களையும் ஞானத்தோடு கூடியவை, ஞானத்தோடு கூடாதவை எனப் பிரித்தனர். கூடாதவற்றைத் தீயவை என்று அவர்கள் தள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தாயின் இடுப்பிலிருந்து பொரி வீசும் குழந்தையின் செயலும் நற்செயலே. வளர்ந்த நாம் அக்குழந்தையின் நிலையிலேயே நின்றுவிடலாமா என்பதே கேள்வி.

பிறரைக் காட்டிலும் நமக்கு இது தெளிவாக விளங்க வேண்டும். எட்ட நின்று எறியப்பட்ட சோற்றை உண்டவர் நம் பாட்டன்மார். எறிந்தவர் புண்ணியம் சேர்ந்ததென்று மனநிறைவோடு வீடு சென்றார். இவனுக்கு வேண்டியது என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டாரில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரின் சௌதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தியபோது, எவரிடமும் பிச்சை கேட்கவில்லை. குளத்தைக் கேட்டார். பெறுபவனுடைய தேவையைப் பாராது கொடுப்பவனுடைய நிறைவுக்காகவே நடக்கும் ஈகை எப்படியிருக்கும் என்பதை நாம் மறுகரையிலிருந்து அறிந்தவர்கள். அம்மீன்கள் நம்மிடம் பொரியைத்தான் கேட்டனவா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்வாதம் கருமிக்கு நல்ல சாக்கு. "கொடுத்தால் கெடுதி" என்று கற்றுக்கொண்டு பையை இறுக்கிக் கட்டிக்கொள்வோர் நம் சங்கங்களிலும் இல்லாமல் இல்லை. அறிந்து கொடுப்பது அறியாமல் கொடுப்பதைவிட மலிவானதன்று, பன்மடங்கு செலவுடையது. பொரிக்குச் சில ரூபாயும் ஒரு நொடியும் போதும். ஏரியில் சாக்கடை கலவாமல் தடுக்கவும், மலைச்சரிவில் மரம் நட்டு மண்ணைக் காக்கவும், கரையில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கவும் உழைப்பு வேண்டும். பல ஆண்டு வேண்டும். அதைச் செய்பவன் முன் எந்த மீனும் வந்து வாய் திறந்து காட்டாது. ஒரு நாள் வந்து போகும் நமக்கு அதில் எவ்வளவு இயலும்? நாம் செய்தது, நாம் கொண்டுபோன இலைகளையும் காகிதங்களையும் திரட்டி மூட்டையாகக் கட்டிக்கொண்டது மட்டுமே. அதைச் சொல்லிக்கொள்ளவும் நாணமாயிருக்கிறது.

அம்மையார் நம் பேச்சை முழுதும் ஏற்றாரில்லை. பொட்டலத்தில் ஒரு பிடியை மட்டும், நம்மைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீரில் இட்டார். மீன்கள் பாய்ந்து வந்தன. மீதியை முந்தானையில் முடிந்துகொண்டார். மண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், மூன்றாவது வளைவு தாண்டியதும், பின் இருக்கையில் பசித்து அழுத ஒரு மலைநாட்டுக் குழந்தையைக் கண்டு, அதன் தாயிடம் சைகையால் கேட்டு, அவள் தலையசைத்த பிறகு அதைக் கொடுத்தார்.