நீயே சொல்லு

போன மார்ச் மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறி வந்த கேள்வியும் இல்லை. முந்தின இரவு உட்கார்ந்து நானே டைப் செய்த பாடத்திட்டத்தில், 'செயல்பாடு 3' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

எனக்கு வீடு ஓசூரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். சனிக்கிழமைகளில் வீட்டுப் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அங்கே சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் பக்தி இயக்கம், சூஃபிகள் பற்றி ஒரு பாடம், தமிழகத்தில் சமணம், பௌத்தம், ஆசீவகம் பற்றி இன்னொரு பாடம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். "புத்தகத்துல இருக்கிற சமயத்தைப் பேச முடியுது தம்பி. கிளாஸ்ல உக்காந்திருக்கிற சமயத்தைப் பேச முடியல. கணக்கு, அறிவியலோட சேத்து ஏதாச்சும் பண்ண முடியுமா பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆசீவகத்தை நாம் தயக்கமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறோம். அதைப் பின்பற்றுகிற ஒரு குழந்தைகூட எந்த வகுப்பிலும் இல்லை, அதனால் யார் மனமும் புண்படாது. அந்த ஏழாம் வகுப்பில் இருந்ததோ முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு, உருது பேசும் வீடு, சிப்காட் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த வீடு. எல்லோரும் தமிழ் மீடியம்.

நான் நாட்காட்டியைப் பிடித்தேன். என் பிழைப்பே அதுதான்: தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் சாப்ட்வேர். எந்தப் பண்டிகை எந்தத் தேதியில் விழும், யாருக்கு லீவு, யாருக்கு ஓவர்டைம் என்பதில்தான் என் நாளில் பாதி போகும். கர்நாடக எல்லையில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு புத்தாண்டு. தெலுங்கு, கன்னட வீடுகளில் யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும். அடுத்த வீட்டில் சித்திரை ஒன்று வரைக்கும் பொறுத்திருப்பார்கள்.

2021 முதல் 2025 வரை ஐந்து வருடத் தேதிகளைக் கரும்பலகையில் எழுதினேன். சித்திரை ஒன்று: ஐந்து வருடமும் ஏப்ரல் 14. யுகாதி: ஏப்ரல் 13, ஏப்ரல் 2, மார்ச் 22, ஏப்ரல் 9, மார்ச் 30. ரம்ஜான் பண்டிகை: மே 14, மே 3, ஏப்ரல் 22, ஏப்ரல் 11, மார்ச் 31. ஈஸ்டர்: ஏப்ரல் 4, 17, 9, அப்புறம் மார்ச் 31, கடைசியாக ஏப்ரல் 20. எழுதிவிட்டு, என்ன தெரியுது என்று கேட்டேன். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான், ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் சரியாகப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. "யுகாதியும் அப்படித்தான் வருது சார், ஆனா நடுவுல ஒரு தடவை எகிறிக் குதிச்சிடுது" என்றாள் இன்னொருத்தி.

அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறக்குறைய 29.53 நாள். பன்னிரண்டால் பெருக்கினால் 354 சொச்சம். 365-இல் கழித்தால் பதினொன்று. ஹிஜ்ரி வருடம் சந்திரனை மட்டும் நம்புவதால் அந்தப் பதினொன்றை அப்படியே விட்டுவிடுகிறது; நோன்பு மாதம் எல்லாப் பருவத்தையும் சுற்றி, கிட்டத்தட்ட முப்பத்து மூன்று வருடத்தில் திரும்ப அதே இடத்துக்கு வரும். "அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆயிடும்" என்று ஒருவன் கணக்குப் போட்டான். யுகாதிப் பஞ்சாங்கம் சூரியனையும் விட மனமில்லாமல், விட்டுப்போன நாட்களைச் சேர்த்துவைத்து அதிக மாதம் ஒன்றை நுழைக்கிறது, 19 வருடத்துக்கு ஏழு முறை. 2023-இல் அப்படி ஒன்று நுழைந்ததால்தான் 2024-இல் அந்தக் குதி. ஈஸ்டர் சூரியன், பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை என மூன்றுக்கும் கட்டுப்பட்டது. வேறு வேறு மதங்கள், ஆனால் எல்லோருக்கும் இருந்தது ஒரே தலைவலி: 365-ஐயும் 29.53-ஐயும் எப்படி ஒத்துப்போகச் செய்வது?

பிறகு செயல்பாடு 3. நோன்பு மாதம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்றாம் வரிசையில் இருந்த பையனைப் பார்த்து, நல்ல சிரிப்போடுதான், "நோன்பு பத்தி நீயே சொல்லு" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். "தெரியாது சார்."

"பரவால்ல, வீட்டுல எப்படி இருப்பீங்கன்னு சொல்லு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், அவன் நேத்து சத்துணவு சாப்ட்டான்."

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, பன்னிரண்டு வயதுச் சிரிப்பு. அவன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த இரண்டு சனிக்கிழமை வரவில்லை. வேறு காரணம்கூட இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, நான் செய்தது சட்டப்படி சரியா என்று பார்த்தது. குற்றவுணர்ச்சி வந்தால் விதிமுறைப் புத்தகத்தைத் திறப்பது எங்கள் தொழிலின் வியாதி. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்ற பள்ளிகளில், சம்மதமில்லாமல் யாரையும் அதில் உட்கார வைக்கக் கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். கோத்தாரி குழு 1966-இல் கொடுத்த அறிக்கையில், சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று பிரித்து, இரண்டாவது வேண்டும் என்றது. 2000-இல் வந்த தேசியப் பாடத்திட்ட வரைவை எதிர்த்து அருணா ராய் தொடர்ந்த வழக்கில், 2002-இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. சமயங்களைப் பற்றிப் படிப்பது 28-ஆம் பிரிவு தடுக்கும் போதனை ஆகாது என்றது. ஆக, என் அட்டவணை தப்பித்தது. நானும் தப்பித்தேன்.

ஆனால் இந்த விவாதம் முழுக்க, பள்ளி குழந்தைக்குள் எதைப் போடுகிறது என்பதைப் பற்றியது. நான் எதையும் போடவில்லை. எடுக்கப் பார்த்தேன். நோன்பு என்றால் என்ன என்ற தகவல்தான் வேண்டும் என்றால் அது எனக்கே தெரியும். அவனிடம் நான் கேட்டது சாட்சியம். போதனைக்குச் சம்மதம் வேண்டும் என்று யோசித்தவர்கள், 'பற்றிப் படிக்கும்' வகுப்பில் ஒரு பிள்ளை பாடப்பொருளாக நிறுத்தப்படுவதற்கும் சம்மதம் வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை போல.

ஏன் அவனிடம் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் மரியாதையானது: அவர்கள் சமயத்தை அவர்கள் வாயால் சொல்லட்டும். உண்மையான காரணம் பயம். நான் வாய் தவறி ஏதாவது சொல்லி, அது வெளியே போய், யாராவது பள்ளி வாசலில் வந்து நின்றால்? அந்த அபாயத்தைத் தூக்கி ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் வைத்தேன். இன்னொன்றும் உறைத்தது. யுகாதியைப் பற்றிப் பேசும்போது நான் யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் பிரதிநிதி இல்லை. ஒருவன் கோயிலுக்குப் போவான், ஒருவன் போகமாட்டான், அது அவன் பாடு. எண்ணிக்கையில் குறைந்த வீட்டுப் பையனுக்கு மட்டும் அந்த 'அவன் பாடு' கிடையாது. அவன் சாப்பிட்ட ஒருவேளைச் சோறு வகுப்புக்கே செய்தி.

அப்படியென்றால் பேசவே வேண்டாமா? இலங்கையில் அரசுப் பள்ளிகளில் சமயம் கட்டாயப் பாடம். ஆனால் பிள்ளை தன் சமயத்தைத்தான் படிக்கிறது. சைவப் பிள்ளை சைவநெறிப் புத்தகத்தோடு, முஸ்லிம் பிள்ளை இஸ்லாம் புத்தகத்தோடு. அங்கே என் பையன் பத்திரமாக இருந்திருப்பான், அவன் சமயத்தைப் பற்றி மற்றவர்களுக்கு அந்த வகுப்பு எதுவும் சொல்லியிருக்காது. இங்கிலாந்தில் பல சமயங்களையும் ஒன்றாகக் கற்பிக்கிறார்கள். விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அது பெற்றோரின் உரிமை. வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, பாடத்தை முழுக்கக் கற்றுக்கொண்டு, தன் வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருக்க பிள்ளைக்கு உரிமை வேண்டும் என்று நினைக்கிறேன். பேசாமல் விடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி பேசாவிட்டால் வாட்ஸப் பேசும், என்ன பேசுகிறது என்று நமக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இது என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியதாகிவிடும். அந்தச் சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் கை தூக்கினாள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். "எங்க ஊரு மாரியம்மன் பண்டிகைக்கு என்ன கணக்கு சார்?"

அதற்குக் கணக்கு இல்லை. ஊர் கூடி, மழை எப்படி, கையில் காசு எப்படி என்று பார்த்துத் தேதி வைப்பார்கள். எந்த சாப்ட்வேரிலும் அடங்காத தேதி. அதைத்தான் சொன்னேன், "ஊர் கூடி முடிவு பண்றது." அவள் உட்காரவில்லை. "எங்க தெருல யாரையும் கூப்ட மாட்டாங்க சார். தேதி வச்சப்புறம்தான் சொல்வாங்க."

"சரி, டைம் ஆச்சு, ஈஸ்டர் பாப்போம்" என்றேன்.

வாயைத் திறக்க விரும்பாதவனைத் திறக்கச் சொன்னேன். தானாகத் திறந்தவளை உட்காரச் சொன்னேன், பத்து நிமிட இடைவெளியில். முதலாவதைத் திட்டத்தை மாற்றிச் சரிசெய்யலாம். இப்போது 'உங்க வீட்டுல' என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் அதில் கிடையாது. 'நீ என்னவா இருக்க' என்று சொல்லாமலேயே ஒரு பிள்ளை எல்லாச் செயல்பாட்டையும் முடிக்க முடிகிறதா என்று வரி வரியாகச் சோதிக்கிறேன். இரண்டாவதற்கு அந்த மாதிரித் திருத்தம் எதுவும் அகப்படவில்லை. மாரியம்மனை அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்க்கலாம்தான். அவள் கேட்டது தேதியை யார் வைக்கிறார்கள் என்று. அதைப் பேச ஆரம்பித்தால் அந்த வகுப்பில் இன்னும் எத்தனை பேர் தங்கள் தெருவைச் சொல்ல வேண்டிவரும்?

மார்ச் 29-ஆம் தேதி பையன் வந்திருந்தான். மறுநாள் யுகாதி, அதற்கு மறுநாள் ரம்ஜான், பிள்ளைகள் யாரும் பாட மனநிலையில் இல்லை. 2026-க்கான தேதிகளைக் கணக்கிட்டு நிரப்பும் வேலை கொடுத்தேன். எல்லோரும் 31-இல் பதினொன்றைக் கழித்து மார்ச் 20 என்று எழுதினார்கள். அவன் '20 அல்லது 21' என்று எழுதியிருந்தான். ஒரு தேதிதான் எழுதணும் என்றேன். "பிறை பாத்தாதான் தெரியும் சார்" என்றான், நிமிர்ந்து பார்க்காமல். சரி என்று குறி போட்டேன். அவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் புது ஏழாம் வகுப்புக்கான திட்டத்தை டீச்சரிடம் காட்டினேன். மாரியம்மன் வரிசைக்கு நேரே காலியாக விட்டிருந்தேன். பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப எட்டாவதுல இருக்கா. கூப்ட்டு கேக்கறீங்களா?" என்றார்.

இன்னும் கேட்கவில்லை. அவள் அன்று சொல்ல வந்ததை மிச்சமும் கேட்க ஆசைதான். ஆனால் ஆபீஸ் ரூமுக்கு அழைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் கேட்டால், அதுவும் இன்னொரு 'நீயே சொல்லு'தானோ என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டாம் வகுப்பைக் கடந்து போகும்போது தோன்றுகிறது.