கவிழ்த்துப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் ஒரு மேசை இருக்கும். சாப்பாட்டு மேசையோ, டி.வி. மேசையோ, ஏதோ ஒன்று. வாங்கிய நாளிலிருந்து எத்தனை தடவை அதைத் துடைத்திருப்பீர்கள்? கணக்கே இருக்காது. சரி, எத்தனை தடவை அதன் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள்?

நானும் பார்த்ததில்லை. போன வருஷம் சொந்தமாக ஒரு மேசை செய்யப் போய்த்தான் இந்த வம்பு.

பெரிய மேசை எல்லாம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிற சின்ன மேசை. தண்ணீர் சொம்பு, மாத்திரை, மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ள, அப்பாவுக்காக. கடைக்குப் போனால் அரை மணி நேர வேலை. ஆனால், ஒரு புத்தகத்தில் 'ஷேக்கர்' மேசையின் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். நாலு கால், நாலு சட்டம், மேலே ஒரு பலகை. பூ வேலை கிடையாது. வளைவு, நெளிவு கிடையாது. 'இதுகூடவா நமக்கு வராது?' என்று தோன்றிவிட்டது. எளிமையாகத் தெரிகிற எதையும் நம்பாதீர்கள் சார்!

யார் இந்த ஷேக்கர்கள்?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கொல்லர் மகள், பெயர் ஆன் லீ. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். நாலு குழந்தைகள் பெற்று, நாலையும் பறிகொடுத்தவர். 1774-ல் சின்னக் கூட்டத்தோடு கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிரார்த்தனையின்போது உடம்பு குலுங்க ஆடியதால், ஊர் அவர்களுக்கு வைத்த பட்டப் பெயர்தான் ஷேக்கர். கல்யாணம் கிடையாது. சொந்தச் சொத்து கிடையாது. ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கையாக ஒரே குடியிருப்பில் வாழ்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சில ஆயிரம் பேர் இருந்த கூட்டம், இன்று மெய்ன் மாநிலத்தில் ஒரே ஒரு குடியிருப்பில், விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வேலையும் வழிபாடும் அவர்களுக்கு வேறு வேறு இல்லை. 1845-ல் திருத்தி எழுதிய அவர்களுடைய விதிகளில், வெறும் அழகுக்காக மரத்தில் விளிம்பு வேலைப்பாடு செய்யக் கூடாது என்றே ஒரு விதி உண்டு. இன்னொன்று சொல்கிறேன். அவர்கள் வீட்டுச் சுவர்களில் வரிசையாக மர முளைகள் இருக்கும். தரையைப் பெருக்கும்போது நாற்காலிகளைத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள், பெரும்பாலும் தலைகீழாக! யோசித்துப் பாருங்கள். அடிப்பக்கம் என்று ஒளிந்துகொள்ள ஓர் இடமே அந்த வீட்டில் நாற்காலிக்குக் கிடையாது.

மேசைக்கு வருவோம். அந்தக் கால்கள் மேலே சதுரமாக ஆரம்பித்துக் கீழே போகப் போக மெலியும். பார்க்க ஏதோ மான் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத ரகசியம் இதுதான்: நாலு பக்கமும் இழைப்பதில்லை. உள்பக்கம் பார்த்த இரண்டு முகங்களை மட்டும் இழைக்கிறார்கள். வெளிமுகம் நேராகவே இருக்கிறது. நாம் பார்க்காத பக்கத்தில் செய்த வேலைதான், பார்க்கிற பக்கத்துக்கு அழகு தருகிறது!

மேல் பலகையிலும் ஒரு வேலை உண்டு. பலகை கனமானதுதான். ஆனால், விளிம்பின் அடியில் சாய்வாகச் சீவிவிடுவார்கள் (எல்லா மேசையிலும் இல்லை, சிலதில்). மேலேயிருந்து பார்த்தால் மெல்லிய பலகை மாதிரித் தெரியும்.

இங்கேதான் எனக்கு இடித்தது. கனமான பலகையை மெல்லிசாகக் காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? அலங்காரமே பாவம் என்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள்?

பதில் தெரியாமலே வேலையை ஆரம்பித்தேன். வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய தேக்கு. தெருமுனை ஆசாரியிடம் இரவல் வாங்கிய உளியும் இழைப்புளியும். சட்டத்தைக் காலோடு சேர்க்க ஆணி அடிக்கக் கூடாது. காலில் துளை போட்டு, சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரிச் சீவி, உள்ளே இறக்க வேண்டும். கையால் அழுத்தினால் இறங்கணும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அதுதான் பதம். மூன்று கால் வந்துவிட்டது. நாலாவதில் உளி ஒரு நூல் அதிகம் போய்விட்டது. உள்பக்கம் இடைவெளி, நகம் நுழைகிற அளவு.

என்ன செய்தேன்? நம் ஊர் வைத்தியம்தான். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். வெளியே ஒன்றும் தெரியாது. ஆடவில்லை, அசையவில்லை. அப்பா சொம்பை வைத்தார். நின்றது. அப்புறம் என்ன?

அப்புறம்தான் தூக்கம் போச்சு. அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் கண் நேராக அந்த நாலாவது காலுக்குத்தான் போகிறது.

ஷேக்கர்களுக்குக் கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை இல்லாதவனுக்கு மேசையின் அடியை யார் பார்க்கிறார்கள்? யாருமே பார்க்கவில்லை என்றால், சரியாகச் செய்வதற்கும் சமாளிப்பதற்கும் என்னதான் வித்தியாசம்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பலகையின் அடியில் சீவிய சாய்வும் கண்ணில் படாததுதான், என் மரத்தூளும் கண்ணில் படாததுதான். ஆனால், யாராவது மேசையைக் கவிழ்த்தால், சாய்வு சீவியவன் 'பார்த்தீங்களா, இங்கதான் விஷயம்!' என்று பெருமையாகக் காட்டுவான். நான்? யாரும் கவிழ்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். மறைந்திருப்பது தப்பில்லை. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தால், அது தப்பு.

இப்படிச் சொல்லிவிட்டு உடனே வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால், இதே மரத்தூள் வைத்தியத்தைச் செய்யும் ஆசாரிகளை நாம் எத்தனை தடவை திட்டியிருக்கிறோம்! ஷேக்கர் தச்சருக்கு வீட்டு வாடகை இல்லை. பள்ளிக்கூட ஃபீஸ் இல்லை. சோறும் துணியும் குடியிருப்பின் பொறுப்பு. நம் தெரு ஆசாரிக்கு? கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமேல் நின்றுகொண்டு, 'முன்பக்கம் பளிச்னு இருந்தாப் போதும்ப்பா, பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?' என்று சொன்னது யார்? நாம்தானே! நேர்மைக்கு நேரம் வேண்டும் சார். அந்த நேரத்துக்குக் காசு கொடுக்காதவர்களுக்குத் திட்டுகிற உரிமை பாதிதான்.

காசு என்றதும் நினைவு வருகிறது. ஷேக்கர்கள் செய்த மர வேலைமேசை ஒன்றை 1990-ல் ஓப்ரா வின்ஃப்ரே ஏலத்தில் வாங்கினார். விலை 2,20,000 டாலர்! சொத்தே வேண்டாம் என்றவர்கள் செய்த பொருள். எளிமையைக்கூட இனி பணக்காரர்கள்தான் வாங்க முடியும் போல.

ஒருநாள் என் மகள், மூன்றாவது படிக்கிறாள், தாத்தா அறையில் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். தலை மேசைக்கு அடியில்.

"அப்பா, இந்தக் கால்ல மாவு மாதிரி என்னமோ அடைச்சிருக்கே?"

"அது டிசைன்டா கண்ணு" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"மத்த மூணு கால்ல இல்லையே?"

கட்டிலில் படுத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

நானும் தரையில் படுத்தேன். அவள் பக்கத்தில் தலையை நுழைத்து, உளி எப்படி வழுக்கியது, ஏன் அடைத்தேன், எல்லாம் சொன்னேன். பிரித்துத் திரும்பச் செய்யலாம் என்றால் ஃபெவிகால் விடாது, காலை உடைக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னேன்.

"நிக்குதில்ல, விடுடா" என்றார் அப்பா மேலேயிருந்து.

மகள் விடவில்லை. ஸ்கெட்ச் பேனாவை எடுத்துவந்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் அம்புக்குறி. கீழே, 'அப்பா செய்த தபு' என்று எழுதிவிட்டாள்.

ஒரு 'ப்' குறைகிறது. சொல்லலாமா, வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.