மழையில் மலைக்குப் போகாதீர்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வெசாக் போயாவோடு சிவனொளிபாதமலைக் காலம் முடிந்துவிடுகிறது. டிசம்பர் போயா வரைக்கும் பாதையில் விளக்கு எரியாது, தேத்தண்ணிக் கடை இருக்காது, விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. தென்மேற்குப் பருவமழை நேராக அந்த முகட்டில்தான் மோதுகிறது. அந்த மாதங்களில் பலாபத்தல வழியாகவோ எரத்ன வழியாகவோ ஏறுவோம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

"மழை எங்களுக்குப் புதுசா?" என்பீர்கள். படங்கைக் கட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரின் பிள்ளைகள் நீங்கள். எனக்குப் பயமே அந்தத் துணிச்சலில்தான். தோட்டத்தில் நனைந்தால் லயத்துக்கு ஓடிவந்து அடுப்படியில் குந்திக்கொள்ளலாம். மலையில் அடுப்படி எங்கே இருக்கிறது? உச்சி 2,243 மீட்டர் உயரம். இரத்தினபுரி டவுனைவிட அங்கே 13, 14 பாகை சூடு குறைவு. நனைந்த ஜீன்ஸ் உடம்புச் சூட்டை உறிஞ்சும். மிச்சத்தைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். முதலில் நடுக்கம் வரும், பிறகு நாக்குக் குழறும், கால் தள்ளாடும். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று பேசாமல் உட்கார்ந்துவிட்டால் தேறிவிட்டான் என்று எண்ணாதீர்கள். உயிர் ஆபத்தில் இருக்கிறது. ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்தி, ஆளோடு ஆள் ஒட்டி உட்கார்ந்து சூடேற்றுங்கள். உடனே உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

களுகங்கை பிறக்கும் மலை அது. தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும்போதே, உச்சியில் பெய்த மழை ஓடையில் இறங்கிவரும். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தால் காலை வைக்காதீர்கள். இக்கரையிலேயே, மேடான இடத்தில் நில்லுங்கள்.

மண்ணும் நம்மை விடாது. 2016 மே 17 அன்று, நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு, அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களையே மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் நம் சனங்களின் லயமும் புதைந்தது. கேகாலைப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் சரிவில் ஏறுவது வீரம் இல்லை. வீட்டில் இருக்கிற தாய்க்குச் செய்யும் அநியாயம்.

நேர்த்திக்கடன் என்கிறீர்களா? தை மாதம் தீர்த்துக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது. காலத்தில் போனவர்களும் பாதி வழியில் மழை பிடித்தால் திரும்பிவிட வேண்டும். கூட்டத்தில் ஒருத்தர் "ஏலாது" என்றால் எல்லாரும் சேர்ந்தே இறங்குங்கள். ஒருத்தரைத் தனியே அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வழி தவறினால், அந்த இரவில் டோர்ச்சோடு தேடி வருகிறவரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான்.

இந்தக் கிழமை போக வான் பேசியிருக்கிறீர்களா? இப்போதே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்வான்ஸ் காசு போனால் போகட்டும்.